ஜெனிவாவில் வாங்கிய பரிந்துரைகளும் 2030 இலக்குகளும்: இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டுப் பார்க்கலாமா?

சிராங்கூன்வாசி

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், நேரம் இருப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

நம் சிங்கப்பூர் அரசாங்கம் ஐநாவில் இரண்டு இடங்களில் பதில் சொல்கிறது. ஒன்று ஜெனிவாவில், மனித உரிமை மன்றம் நடத்தும் உலகளாவிய காலமுறை மறுஆய்வு. எல்லோரும் யூபிஆர் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். 2008இல் தொடங்கியது. 193 நாடுகளும் முறைவைத்து வந்து உட்கார வேண்டும், மூன்றரை மணி நேரத்துக்கு மற்ற நாடுகள் கேள்வி கேட்டுப் பரிந்துரை சொல்லும். சிங்கப்பூர் 2011, 2016, 2021 என்று போய் வந்திருக்கிறது, 2021இல் வந்த பரிந்துரைகள் 300க்கும் மேல். இன்னொன்று நியூயார்க்கில். 2015இல் எல்லா நாடுகளும் ஒருமனதாக ஏற்ற நீடித்த மேம்பாட்டு இலக்குகள் இருக்கின்றனவே, 17 இலக்கு, அதற்குள் 169 குறிக்கோள், 2030 கெடு, அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நாடுகள் தாமாக முன்வந்து ஜூலையில் அறிக்கை கொடுக்கும். அதற்கும் நாம் 2018இலும் 2023இலும் போனோம்.

இந்த இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் படித்தேன். வெளிநாட்டு ஊழியர், பெண்கள், உடற்குறை உள்ளோர், வசதி குறைந்த குடும்பங்கள் என்று பேசப்படும் ஆட்கள் ஒரே ஆட்கள்தான். இரண்டு வேலையிலும் வெளியுறவு அமைச்சின் கை இருக்கிறது. மனித உரிமைக்குப் பல அமைச்சுகள் சேர்ந்த ஒரு குழு, இலக்குகளுக்கு வெளியுறவு அமைச்சும் நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சும் சேர்ந்து தலைமை தாங்கும் இன்னொரு குழு. அப்படியிருந்தும் ஜெனிவாவில் ‘செய்கிறோம்’ என்று தலையாட்டிய ஒரு பரிந்துரை எந்தக் குறிக்கோளுக்குக் கீழே வருகிறது, அது நகர்ந்ததா இல்லையா என்று எந்த எண்ணைப் பார்த்துச் சொல்வது என்பதற்கு ஒரே இடத்தில் பதில் கிடைப்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் அதற்குரிய குறிக்கோளையும், அந்தக் குறிக்கோளை அளக்கும் சுட்டியையும் எழுதி வைக்க வேண்டும். வெறும் இலக்கு எண்ணைப் போட்டால் போதாது, சுட்டி வரைக்கும் இறங்க வேண்டும். அப்போதுதான் அதற்கு ஓர் அளவும் ஒரு கெடுவும் வந்து சேரும்.

இன்னொன்று. யூபிஆரில் நாடுகள் பொதுவாகப் பரிந்துரையை ‘நிராகரிக்கிறேன்’ என்று சொல்வதில்லை, ஏற்காததை ‘குறித்துக்கொண்டோம்’ என்று சொல்லி வைக்கும். சுதந்திரமான தேசிய மனித உரிமை ஆணையம் ஒன்று வேண்டும் என்ற பரிந்துரை நமக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, நம்மிடம் இன்றுவரை அது இல்லை. ஆனால் 2030 இலக்குகளின் 16.அ.1 சுட்டியை எடுத்துப் பாருங்கள், இத்தகைய அமைப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஐநா ஏற்ற பாரிஸ் நெறிகளுக்கு உட்பட்ட சுதந்திரமான மனித உரிமை அமைப்பு அந்த நாட்டில் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வியே. ஜெனிவாவில் ஒதுக்கி வைத்தது நியூயார்க் வழியாகத் திரும்பி வருகிறது. இதைப் பற்றிப் பேச யாராவது இருக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை

நல்ல பதிவு. ஆனால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இரண்டுமே சட்டப்படி கட்டுப்படுத்தாது. 2030 இலக்குகள் ஓர் அரசியல் வாக்குறுதி, யூபிஆர் பரிந்துரை ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சொல்லும் யோசனை. பல் இல்லாத இரண்டைச் சேர்த்துக் கட்டினால் பல் முளைக்குமா?

இரண்டாவது, இந்த இணைப்பு வேலையை ஏற்கெனவே பலர் செய்துவிட்டார்கள். டென்மார்க் மனித உரிமைக் கழகம் 169 குறிக்கோள்களையும் ஒப்பந்தங்களோடு பொருத்திப் பார்த்து, 90 விழுக்காட்டுக்கும் மேல் ஏதோ ஒரு மனித உரிமைக் கடப்பாட்டோடு சேர்கிறது என்று காட்டியது, பரிந்துரைகளைக் குறிக்கோள்வாரியாகத் தேட ஒரு தரவுத்தளமும் வைத்திருக்கிறது. ஐநா மனித உரிமை அலுவலகத்தின் தேடுதளத்திலும் நாட்டின் பெயரைப் போட்டால் எந்தப் பரிந்துரை எந்த இலக்கு என்று வரும். போய்ப் பாருங்கள். ஒரே பரிந்துரைக்கு மூன்று நான்கு இலக்கு ஒட்டியிருக்கும். இலக்கு 16 என்றால் ‘அமைதி, நீதி, வலுவான அமைப்புகள்’, அதில் எதைத்தான் ஒட்ட முடியாது?

மூன்றாவதாக, பரிந்துரைகளின் தரம். நட்பு நாடுகள் பல ‘முயற்சிகளைத் தொடரவும்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். தொடர்ந்து முயற்சி செய்வதற்கு எந்தச் சுட்டியைப் போடுவீர்கள்?

மூன்றாம்_ஷிப்ட்

நான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறவன். ஐநா விவகாரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் சிராங்கூன்வாசி அண்ணன் சொல்லும் ‘சுட்டி வரைக்கும் இறங்க வேண்டும்’ என்பது எங்கள் வேலையில் அன்றாடம் நடப்பது. ‘பாதுகாப்பாக வேலை செய்யுங்கள்’ என்று போஸ்டர் ஒட்டினால் ஒருவரும் அசைய மாட்டார்கள். எத்தனை விபத்து, எந்த இடத்தில், யாருக்கு என்று பலகையில் எழுதினால் மேலாளர் வந்து நின்று பார்ப்பார்.

வேலையிட மரணக் கணக்கைப் பாருங்கள். 2022இல் 46 பேர், 2023இல் 36 பேர், 2024இல் 43 பேர். 2023இல் ஒரு லட்சம் ஊழியருக்கு 0.99 என்று இறங்கியது, அடுத்த வருடமே 1.2க்கு ஏறிவிட்டது. இந்த எண்ணைக் குறைக்க மனிதவள அமைச்சு உண்மையாகவே பாடுபடுகிறது, அதை நான் நேரில் பார்க்கிறேன், சோதனைக்கு வருகிறார்கள், வேலையை நிறுத்துகிறார்கள். ஆனால் 8.8.1 என்ற சுட்டியைத் தேடிப் படித்தேன். வேலையிடத்தில் இறந்தவர், காயம்பட்டவர் எண்ணிக்கையை ஆண் பெண் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்தவரா உள்ளூர்க்காரரா என்றும் பிரித்துக் காட்டு என்கிறது. இந்த இரண்டாவது பிரிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் தளத்தில் சாரத்தில் ஏறுகிறவர் யார், மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்க அனுமதிக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சராசரியில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

அப்புறம் லாரி. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. விடியற்காலையில் விரைவுச்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பின்னால் இரண்டு பக்கமும் ஆட்கள் முதுகைத் தடுப்புக் கம்பியில் சாய்த்துக் காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் தண்ணீர்ப் பீப்பாய், வெல்டிங் கம்பி, கருவிப் பெட்டி, சாப்பாட்டுப் பொட்டலம் தொங்கும் பை. பாதிப் பேர் தூங்குவார்கள். பிரேக் போட்டால் முதலில் நகர்வது பெட்டிதான், அது யார் காலில் போய் இடிக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். கூரைத்துணியும் பக்கத் தடுப்பும் கட்டாயம் ஆக்கினார்கள், நல்லதுதான், இருக்கைப்பட்டி கிடையாது. 2023இல் பல அமைப்புகள் சேர்ந்து இதை நிறுத்தச் சொன்னபோது, சிறிய நிறுவனங்கள் தாங்காது, வீடும் பள்ளிக்கூடமும் கட்டி முடிக்கத் தாமதமாகும் என்று பதில் வந்தது.

இந்த லாரி எந்தச் சுட்டியில் வருகிறது என்று தேடினேன். இலக்கு 11இல் ‘அனைவருக்கும் பாதுகாப்பான போக்குவரத்து’ என்று அழகாக இருக்கிறது, ஆனால் அதன் சுட்டி பொதுப் போக்குவரத்து வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. சிங்கப்பூர் அதில் முதல் மாணவன். லாரியில் போகிறவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால் அதை 8.8இல்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சரியா தவறா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிராங்கூன்வாசி

தம்பி, சரியான இடம்தான். பாதுகாப்பான வேலையிடம் பற்றிய 8.8 குறிக்கோளின் வாசகத்திலேயே ‘வெளிநாட்டு ஊழியர் உட்பட, குறிப்பாகப் பெண் ஊழியர்’ என்று வருகிறது. யூபிஆரில் நமக்கு வந்த வெளிநாட்டு ஊழியர் பரிந்துரைகளை அதன் கீழே அடுக்கினால் லாரி விவகாரம் தொண்டு அமைப்புகளின் கோரிக்கை என்ற நிலையிலிருந்து அரசாங்கமே ஏற்ற குறிக்கோளின் பகுதி என்ற நிலைக்கு வந்துவிடும்.

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு: ‘முயற்சிகளைத் தொடரவும்’ என்பதற்குத்தான் சுட்டி அதிகம் தேவை. நாம் அதை ஏற்றுக்கொண்டோம் அல்லவா? எந்த முயற்சி, போன சுற்றில் எண் எவ்வளவு, இந்தச் சுற்றில் எவ்வளவு என்று கேட்டுவிடலாம். தெளிவில்லாத பரிந்துரையை அளக்கக்கூடியதாக மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

பராகுவே இதைச் செய்து காட்டியது. சிமோரே என்று ஓர் இணையத்தளம், வந்த ஒவ்வொரு பரிந்துரையும் எந்த அமைச்சின் பொறுப்பு, என்ன நடந்தது என்று பொதுமக்கள் பார்க்கலாம், பிறகு அதையே விரிவாக்கி 2030 குறிக்கோள்களையும் சேர்த்தார்கள். பணக்கார நாடு இல்லை அது. எல்லாவற்றுக்கும் செயலி வைத்திருக்கும் நமக்கு இது தொழில்நுட்பச் சிக்கலாக இருக்க வாய்ப்பே இல்லை.

பாசிர்ரிஸ்_அக்கா

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லப் பணிப்பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டூழியர். இந்த இழையில் பணிப்பெண்களைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

வாரம் ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் வந்தது 2013 ஜனவரியில். ஆனால் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஓய்வுநாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடலாம் என்றும் இருந்தது. சம்பளம் கொடுக்கும் வீட்டம்மாவிடம் ‘எனக்குப் பணம் வேண்டாம், லீவுதான் வேண்டும்’ என்று எந்தப் பெண் சொல்வாள்? அதனால் மாதக்கணக்கில் வெளியே போகாத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளையாவது பணமாக மாற்ற முடியாது, விட்டே ஆகவேண்டும் என்றார்கள். நடுவில் 10 ஆண்டுகள். அந்தப் பத்தாண்டில் ஜெனிவாவுக்கு இரண்டு தடவை போய்விட்டோம், இரண்டு தடவையும் பணிப்பெண் பற்றிப் பரிந்துரை வந்தது.

புது விதி வந்த பிறகு வகுப்புக்குப் புதிய முகங்கள் வந்தன. ஒரு பெண், பெயர் வேண்டாம், எம்ஆர்டி ரயிலில் எப்படி ஏறுவது என்றே தெரியாததால் அவளை முதலாளியம்மாவின் மகள் கொண்டுவந்து விட்டுப் போனாள். அவளுக்குச் சிங்கப்பூரில் அது எத்தனையாவது வருடம் என்று கேட்டபோது எனக்கு மனசு கனத்துப்போனது.

வேலை நேரத்துக்கு இன்னமும் உச்சவரம்பு கிடையாது, வேலைநியமனச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. வீட்டுப் பணியாளருக்கான அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்பாட்டில் நாம் சேரவில்லை. ஆனால் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்பாட்டில் 1995இலேயே சேர்ந்துவிட்டோம், அது கட்டுப்படுத்தும் சட்டம்தான், 2024 மே மாதம்கூட அந்தக் குழுவின் முன்னால் போய்ப் பதில் சொன்னோம். அதனால் கணக்குப்பிள்ளை அண்ணன் ‘பல் இல்லை’ என்பதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். இலக்கு, பரிந்துரை, உடன்பாடு மூன்றையும் ஒரே வரியில் எழுதினால் அந்த மூன்றாவது கட்டத்தில் பல் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னதை ஏற்கிறேன். உடன்பாட்டுக் கட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். நாம் சேர்ந்திருப்பவை பெண்கள், குழந்தைகள் உடன்பாடு இரண்டும் 1995, உடற்குறை உள்ளோர் உடன்பாடு 2013, இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்பாடு 2017. குடியியல், அரசியல் உரிமை உடன்பாட்டிலும், பொருளியல், சமூக உரிமை உடன்பாட்டிலும் சேரவில்லை. ஆக பரிந்துரை இந்த நான்கில் எதிலாவது வந்தால் அதற்கு எடை அதிகம்.

என் தொழில் புள்ளிவிவரம் சார்ந்தது, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 2024இல் நம் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தாண்டியது. அதில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சுமார் 41.8 லட்சம், மற்றவர்கள் 18.6 லட்சம். நாம் பேப்பரில் படிக்கும் வருமான ஏற்றத்தாழ்வு எண், கினி என்பார்களே, அது உள்ளூர்வாசிகளின் குடும்பங்களை வைத்து மட்டும் போடும் கணக்கு. தங்குவிடுதியில் இருப்பவர் அதில் வர மாட்டார். இலக்கு 10 ஏற்றத்தாழ்வைக் குறைப்பது பற்றியது, நாம் அதில் முன்னேற்றம் காட்டும்போது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் அந்தப் படத்துக்கு வெளியே நிற்கிறார். ‘எவரையும் பின்தங்க விடக்கூடாது’ என்பது 2030 திட்டத்தின் அடிப்படை வாக்கு, வருமானம், இனம், குடியேற்ற நிலை, உடற்குறை என்று பிரித்துக் காட்டச் சொல்வதும் அதனால்தான். மற்ற எதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கலாம், இதில் இல்லை. எண்ணப்படாதவருக்காக வந்த பரிந்துரைகளைத்தான் முதலில் இணைக்க வேண்டும்.

துவாஸ்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டைப் பக்கம். வொர்க் பெர்மிட்டில் வந்து இப்போது எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலை அனுமதி) இருக்கிறேன். இழையை அறையில் இருக்கும் நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன், அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

தங்குவிடுதி பற்றி யாரும் எழுதவில்லை. கொரோனாவுக்குப் பிறகு புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேர்தான், பழைய விடுதிகளும் 2030க்குள் அந்த எண்ணிக்கைக்கு வர ஆரம்பிக்க வேண்டும் என்று 2023இல் அறிவித்தார்கள். இதுவும் அதே 2030. நாடே கெடு வைத்துக்கொண்ட விஷயம் இது, உங்கள் அட்டவணையில் முதலில் போடுங்கள்.

ஆனால் எங்கள் அறையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது ஏஜென்ட் காசு. டெஸ்ட் அடித்து, அதாவது இங்கே வேலைக்கு வருவதற்கான திறன் தேர்வில் தேறி, வருவதற்கு ஊரில் நகையை அடகு வைத்தவர், நிலத்தை ஒத்திக்கு விட்டவர், வட்டிக்கு வாங்கியவர் எல்லாம் இங்கே பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார்கள். முதல் வருடச் சம்பளம் பெரும்பாலும் அந்தக் கடனுக்கே போய்விடும். சம்பளம் குறைத்துக் கொடுத்தாலும், காயம் பட்டாலும் வாயைத் திறக்கப் பயம், ஏனென்றால் பெர்மிட்டை ரத்து செய்து அனுப்பிவிட்டால் கடன் நிற்கும். இங்கே உள்ள பிரச்சினைக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இதற்கு ஏதாவது சுட்டி இருக்கிறதா?

சிராங்கூன்வாசி

இருக்கிறது தம்பி, அச்சாக இதற்கே இருக்கிறது. 10.7.1. வேலைக்கு வருவதற்காக ஊழியர் தன் கையிலிருந்து போட்ட செலவு, வந்த நாட்டில் அவர் வாங்கும் மாதச் சம்பளத்தில் எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. அதாவது கடனைச் சம்பளத்தால் வகுப்பது. உங்கள் அறை நண்பர்கள் மனதுக்குள் தினமும் போடும் கணக்கேதான்.

சிங்கப்பூர் முகவர் வாங்குவதற்கு வரம்பு இருக்கிறது, ஒப்பந்த வருடம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். இந்தியாவில் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் வரி. இரண்டு வரம்பையும் கூட்டினாலும் நீங்கள் சொல்லும் தொகை வராது. மிச்சம் எங்கே போகிறது என்பதை இரண்டு நாட்டுச் சட்டமும் தனித்தனியாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, 10.7.1 போல ஊழியரிடமே கேட்டு அளந்தால் தெரிந்துவிடும். இந்தியாவும் 2022 நவம்பரில் யூபிஆருக்குப் போய் வந்த நாடுதான், ஆகவே இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் எழுப்பலாம்.

வடக்குக்கரை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது சொல்லியே ஆகவேண்டும். எனக்கு இந்த யோசனை கவலை தருகிறது.

நீங்கள் எல்லோரும் பேசியவை ஊழியர் நலம், விடுதி, ஓய்வுநாள். எல்லாமே தேவைதான். ஆனால் யூபிஆரில் நமக்குத் தொடர்ந்து வரும் பரிந்துரைகளில் மரண தண்டனை இருக்கிறது, பேச்சுரிமையும் கூடும் உரிமையும் இருக்கிறது, விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டம் இருக்கிறது. மரண தண்டனைக்கு 2030 இலக்குகளில் எந்தச் சுட்டி? ஒன்றும் இல்லை. பேச்சுரிமைக்கு 16.10 இருக்கிறது, அதன் முதல் சுட்டியோ செய்தியாளர், தொழிற்சங்கவாதி, மனித உரிமைக்காக உழைப்பவர் கொல்லப்பட்டார்களா, கடத்தப்பட்டார்களா, தன்னிச்சையாகத் தடுத்து வைக்கப்பட்டார்களா, சித்திரவதைக்கு ஆளானார்களா என்று கேட்கிறது. நம் நாட்டில் கொலையோ கடத்தலோ நடப்பதில்லை, எனவே நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம். அட்டவணை போட்டால் இந்தப் பரிந்துரைகளுக்கு எதிரே காலியாக இருக்கும், காலியாக இருப்பது நாளடைவில் யார் கண்ணிலும் படாது. அரசாங்கங்களுக்கு மேம்பாட்டு மொழி வசதியானது. உரிமை என்றால் கேட்டு வாங்குவது, மேம்பாடு என்றால் கொடுக்கும்போது பெற்றுக்கொள்வது என்று ஆகிவிடும். தூக்குத் தண்டனைக்குக் காத்திருக்கும் ஒருவரின் அம்மாவிடம் போய் உங்கள் விஷயம் 169இல் வரவில்லை என்று சொல்வீர்களா?

பாசிர்ரிஸ்_அக்கா

வடக்குக்கரை, உங்கள் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. காலிக் கட்டத்தை ஒளிக்கக் கூடாது, சிவப்பு மை போட்டு முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தம்மா

ஒரு தாயாக எழுதுகிறேன், என் மகனுக்குச் சிறப்புத் தேவை உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தபோது அவன் போன்ற பிள்ளைகளுக்கு விலக்கு இருந்தது. விலக்கு என்றால் சலுகை போல இருக்கும், உண்மையில் அரசாங்கம் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பு என்று யாரையும் வற்புறுத்தாது என்று பொருள். உடற்குறை உள்ளோர் உடன்பாட்டில் 2013இல் சேர்ந்தோம், 2016இல் ஜெனிவாவிலும் கேட்டார்கள், அதே வருடம் விலக்கை நீக்குவதாக அறிவித்தார்கள், 2019இல் முதலாம் வகுப்பு சேர்ந்த பிள்ளைகளிலிருந்து நடப்புக்கு வந்தது. ஜெனிவாதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பெற்றோர் எத்தனையோ பேர் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறோம். ஆனால் உள்ளே கேட்ட குரலும் வெளியே கேட்ட குரலும் ஒரே நேரத்தில் சேர்ந்தபோது கதவு திறந்தது. திருமண உறவில் வன்புணர்வுக்கு இருந்த விலக்கும் அப்படித்தான், 2011இலிருந்தே யூபிஆரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2020 ஜனவரியில் போனது.

இணைப்பதில் எனக்கு இருக்கும் ஒரே பயம் 4.5 (எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு) என்று குறித்து ‘முடிந்தது’ என்று டிக் அடித்துவிடுவார்களோ என்பது. சட்டம் முடிந்தது. சிறப்புப் பள்ளிக்குக் காத்திருப்பதும், கட்டணமும், பள்ளி முடிந்தபின் 18 வயதில் வேலைக்கு எங்கே போவது என்பதும் முடியவில்லை.

சிராங்கூன்வாசி

வடக்குக்கரை சொன்னதைப் படித்துவிட்டு நேற்று முழுதும் யோசித்தேன். உங்கள் எச்சரிக்கை நியாயமானது, அதனால் அட்டவணையைத் தொடங்கும் முனையை மாற்றுகிறேன். குறிக்கோளிலிருந்து தொடங்கிப் பொருந்தும் பரிந்துரையைத் தேடக் கூடாது. பரிந்துரையிலிருந்து தொடங்க வேண்டும், 300க்கும் மேற்பட்டவற்றில் ஒன்றுகூட விடுபடக் கூடாது, குறிக்கோள் இல்லாவிட்டால் ‘குறிக்கோள் இல்லை, உரிமை இருக்கிறது’ என்று எழுத வேண்டும். மரண தண்டனை அந்த வரிசையில் அதற்குரிய இடத்தில் நிற்கும். 16.10க்கு உலகச் சுட்டி கொலை, கடத்தல், தடுத்துவைப்பு, சித்திரவதை போன்றவற்றை மட்டும் எண்ணுகிறது என்றால் அதை அப்படியே சொல்லிவிட்டு, குறிக்கோளின் வாசகம் அடிப்படைச் சுதந்திரங்களைக் காப்பது பற்றிப் பேசுகிறது, சுட்டி அதை அளக்கவில்லை என்று பக்கத்தில் எழுதலாம்.

பாகுபாட்டுக்கும் ஒரு வரி போடுகிறேன். 10.3.1, கடந்த 12 மாதங்களில் பாகுபாட்டுக்கு ஆளானதாக நீங்களே உணர்ந்தீர்களா என்று மக்களிடம் நேரடியாகக் கேட்கும் சுட்டி. வாடகை வீட்டு விளம்பரத்தில் இந்தியர் வேண்டாம் என்று பார்த்திருக்கிற நம்மில் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, இனம், மொழி, வயது, உடற்குறை எல்லாம் அதில் உண்டு, பெரிய முன்னேற்றம். 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு, நம் ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்ப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான். வீட்டு வாடகை அந்தச் சட்டத்தில் வராது.

நடைமுறை விஷயம். யூபிஆருக்குப் பொதுமக்கள் அமைப்புகள் தனியாக அனுப்பினால் 2,815 சொல், கூட்டாக அனுப்பினால் 5,630 சொல், அதற்கு மேல் வாங்க மாட்டார்கள். அதை ஐநா அலுவலகம் மற்ற அமைப்புகள் அனுப்பியதோடு சேர்த்துச் சுருக்கித்தான் நாடுகளுக்குக் கொடுக்கும். அந்தச் சுருக்கத்தில் தப்பிப் பிழைப்பது எண்ணும் சுட்டியும் உள்ள வரிகள்தான் என்பது என் எண்ணம். இணைப்பதன் பலன் அங்கேயும் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை

பரிந்துரையிலிருந்து தொடங்குவது என்றால் நான் வருகிறேன். விரிதாள் நான் போட்டுத் தருகிறேன். கட்டங்கள்: பரிந்துரை, சொன்ன நாடு, ஏற்றோமா குறித்துக்கொண்டோமா, உடன்பாடு, குறிக்கோள், சுட்டி, கடைசியாகக் கிடைக்கும் எண், அந்த எண்ணில் யார் விடுபட்டிருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தை ஒருவரும் காலியாக விடக்கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை.

மூன்றாம்_ஷிப்ட்

8.8 நான் எடுத்துக்கொள்கிறேன். மனிதவள அமைச்சின் அறிக்கையில் கட்டுமானம், உற்பத்தி, போக்குவரத்து என்று துறைவாரியாக இருக்கிறது, வாகன விபத்து தனியாக வருகிறது. குடியேற்ற நிலைப் பிரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்றால் கேட்டுக் கடிதம் எழுதுவேன்.

துவாஸ்_தம்பி

10.7.1க்கு எங்கள் விடுதியில் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். ஏஜென்டிடம் கொடுத்ததற்கு யாரிடமும் ரசீது கிடையாது, நகைக்கடை அடகுச் சீட்டுதான் இருக்கிறது. வட்டியையும் செலவில் சேர்ப்பதா?

கணக்குப்பிள்ளை

வட்டியையும் எழுதுங்கள், ஆனால் தனிக் கட்டத்தில். ரசீது இல்லை என்பதையும் குறித்துவிடுங்கள். பெயர், விடுதி, நிறுவனம் எதுவும் எழுத வேண்டாம், வந்த வருடமும் முதல் மாத அடிப்படைச் சம்பளமும் போதும்.